ஏழு வரி மாசானம்

கோவில்பட்டியில் அச்சாகும் ‘வெண்கொடி’ வார இதழின் மெய்ப்புத் திருத்தும் மேசையில் முப்பது வருடமாக உட்கார்ந்திருந்த சண்முகவடிவைப் பலரும் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். பிடிவாதக்காரி என்று மாமியார் சொன்னதுண்டு. கமா பைத்தியம் என்று அச்சுக்கூடத்தில் ஒரு பெயர் உண்டு. ஆனால் அவள் மனுஷியே இல்லை, இயந்திரம் என்று சொன்னது எழுத்துத் தூய்மை வாரியத்தின் டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி ஒன்றுதான். அதுவும் எண்பத்தொன்பது விழுக்காடு உறுதியாக.

நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

அது காகிதம் திரும்பி வந்திருந்த காலம். அதற்கு முன்னால் கொஞ்ச வருடங்கள் கதை, கட்டுரை, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் இயந்திரங்களே எழுதித் தள்ளின. கைபேசியில் காலையில் படித்த கதை சாயங்காலம் வேறாக இருக்கும். வாசிப்பவர் முகம் சற்று வாடினால் போதும், செத்த கதாநாயகி எழுந்து உட்கார்ந்துவிடுவாள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு யாரும் யாரோடும் கதை பேச முடியாமல் போயிற்று. ஒவ்வொருவர் படித்ததும் ஒவ்வொரு கதை. சனங்கள் சலித்துப்போய், ஒருமுறை ஒட்டினால் மாறாத அச்சு மைக்கே திரும்பினார்கள். அவர்கள் பின்னாலேயே வாரியமும் வந்து சேர்ந்தது. நெய் டப்பாவுக்கு முத்திரை குத்துவதுபோலப் புத்தகத்துக்கு ‘ஒருகைச் சான்று’: இதை எழுதியது ஒரே ஒரு மனிதக் கை என்று. சான்று இல்லாத புத்தகத்தை நூலகங்கள் வாங்கா. இயந்திரத்தைக் கலந்து எழுதியதாகத் தெரிந்துவிட்டாலோ இன்னும் மோசம். எழுதியவர் ‘கலப்பட எழுத்தாளர்’ பட்டியலில் படத்தோடு ஏறிவிடுவார். அப்படி ஏறிய ஒரு புலவரைக் கோயில் கும்பாபிஷேக நோட்டீசுக்குக்கூட யாரும் எழுதக் கூப்பிடுவதில்லை என்று கேள்வி.

‘வெண்கொடி’யின் உயிரே அதில் இருபத்தொன்பது வருடமாக வந்துகொண்டிருந்த ‘அஞ்சனப் பேரரசு’தான். ஏழு நிலவுகள், மிதக்கும் மலை, பாம்புத் தோலில் பாய் கட்டிய கப்பல், மூன்றாவது வாரம் காணாமல்போய் இன்னும் அகப்படாத சக்கரவர்த்தி, அவன் அரியணைக்கு அடித்துக்கொள்ளும் மூன்று வாரிசுகள் என்று விரிந்துகொண்டே போன கதை. எழுதியவர் திரிகூடம் என்ற புனைபெயர்க்காரர். ஊர் இலஞ்சி, வயது எழுபத்தொன்று, தொலைபேசி என்றால் ஆகாது. எழுதியதை அச்சில் திரும்பப் படிக்கிற வழக்கமே தனக்கில்லை என்று பேட்டிக்குப் பேட்டி பெருமையாகச் சொல்லிக்கொள்வார். திங்கட்கிழமைதோறும் தென்காசி பஸ் கண்டக்டர் கையில் பதினொரு தாள் வரும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஆயிரத்து ஐந்நூற்றேழு வாரம் வந்தாயிற்று. இன்னும் ஒரே ஒரு வாரம்தான் பாக்கி. அதுவும் வந்துவிட்டால் மொத்தத்தையும் இருபத்து நாலு தொகுதியாகப் போட்டுச் சான்றோடு நூலகங்களுக்கு அனுப்ப, ஆசிரியர் ஆவுடையப்பன் அட்டைப்படம் வரை தயாராக வைத்திருந்தார்.

அந்தச் சான்றுக்காகத்தான் வாரியத்திலிருந்து பெனிட்டா வந்தாள். பாளையங்கோட்டைப் பெண். இருபத்தெட்டு வயதிருக்கும். பெரிய அதிகாரி வருகிறார் என்று ஆவுடையப்பன் சால்வை வாங்கி வைத்திருக்க, அவள் தோளில் ஒரு துணிப்பையோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, சார்ஜ் போடுகிற இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். வடிவின் மேசைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அப்படித்தான் இரண்டு பேரும் மூன்று நாள் முழங்கை இடிக்க உட்கார நேர்ந்தது.

பெட்டிக்கு எல்லா வாரத்தையும் காட்ட வேண்டும். வடிவு கட்டுக் கட்டாகப் பழைய இதழ்களை எடுத்துக் கொடுத்தாள். பெனிட்டா ஒவ்வொரு பக்கமாகப் பெட்டியின் கண்ணுக்கு முன்னால் புரட்டினாள். கதையை அவள் படிப்பதாகவே தெரியவில்லை. மிதக்கும் மலை கடலில் விழுந்த வாரத்தை, தமிழ்நாடே வேலைக்கு லீவு போட்டுவிட்டு அழுத வாரத்தை, அவள் வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டே புரட்டிப் போனபோது வடிவுக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் நின்று படிக்கக் கூடாதா என்று கேட்டேவிட்டாள்.

“கதை எனக்கு வேண்டாம்க்கா,” என்றாள் பெனிட்டா. “யாரு யாருகிட்டப் பேசுதாங்க, எத்தனை வார்த்தை பேசுதாங்க, எந்த வார்த்தைக்குப் பொறவு எந்த வார்த்தை வருது. அது போதும்.”

“அதை வெச்சு எழுதுனது ஒரு கையா ரெண்டு கையான்னு எப்பிடித் தெரியும்?”

“ஒரே அம்மா பெத்த பிள்ளைகளுக்கு மூக்கு ஒண்ணு போல இருக்கும்லா? ராஜா வேஷம் போட்டாலும் பிச்சைக்காரன் வேஷம் போட்டாலும் மூக்கை மாத்த முடியாது. இந்தக் கதையில ஆயிரத்து நூத்தி நாப்பத்து மூணு பேரு இருக்காங்க. அத்தனை பேரு மூக்கையும் பெட்டி பாத்திரும்.”

வடிவு அடுத்த கட்டை எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்குக் கொண்டுவந்த தயிர்சாதத்தைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

ஏனென்றால் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பேரில் ஒருவனுடைய மூக்கு அவளுடையது.

அவன் பெயர் மாசானம். குதிரைலாயக்காரன். ஐந்தாவது வாரம் திரிகூடம் அவனைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினார்: இளவரசர் இறங்கினார், மாசானம் குதிரையைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான். அவர் அவனை அங்கேயே மறந்துபோயிருப்பார். ஒன்பதாவது வாரம்தான் வினை வந்தது. பக்கம் கட்டியபோது கதை நாலு வரி குறைந்தது. கதைக்குக் கீழே பெருங்காய விளம்பரம். அதை மேலே ஏற்ற முடியாது, நடுவில் வெள்ளையாகவும் விட முடியாது. இலஞ்சி வீட்டில் அந்தக் காலத்தில் போன் இருந்தது. வடிவு அடித்தாள். திரிகூடத்தின் மனைவி எடுத்து, அவர் தூங்குகிறார், எழுப்பினால் அடுத்த வாரம் கதையில் இரண்டு பேரைக் கூடக் கொன்றுவிடுவார், நீயே ஏதாவது போட்டுக்கொள் தாயீ என்று சொல்லி வைத்துவிட்டாள்.

என்னத்தைப் போடுவது? கதையில் எவனைத் தொட்டாலும் அவனுக்கு ஒரு சபதம், ஒரு பகை, ஒரு ரகசியத் தகப்பன் இருந்தான். தொட்டால் கதை கோணிவிடும். உறவும் பகையும் இல்லாத ஒரே ஆள் மாசானம். அவன் வாளியோடு வந்தான். தளபதியிடம், “குதிரைக்குத் தண்ணி காட்டியாச்சு. நீங்க சாப்பிட்டாச்சா?” என்று கேட்டான். போய்விட்டான். நாலு வரி.

யாரும் கவனிக்கவில்லை. பிறகு பன்னிரண்டு வரி குறைந்தது, மூன்று வரி குறைந்தது. ஒவ்வொரு தடவையும் மாசானம் வாளியோடு வந்தான். எதிரிப் பாசறைக்கும் போனான், சிறைக்கும் போனான், கேட்டது அதே கேள்விதான். வடிவு எதையும் கணக்காகச் செய்கிறவள் என்பதால், எந்த வாரம், எத்தனை வரி குறைந்தது, மாசானம் யாரிடம் கேட்டான் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தாள். கேட்ட ஆளையே அடுத்தடுத்து மறுபடி கேட்டுவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கைதான்.

அவன் ஏன் எப்போதும் அதையே கேட்டான் என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் வீட்டுக்காரர் வேலாயுதம், போக்குவரத்துக் கழகத்தில் நேரக் காப்பாளர், தங்கமான மனுஷன். கல்யாணமான நாளிலிருந்து ஒருநாள் தவறாமல் சாப்பாடு தயாரா என்று கேட்டிருக்கிறார். அவள் சாப்பிட்டாளா என்பது அவருடைய கால அட்டவணையில் இல்லை, அவ்வளவுதான்.

வாசகர்களுக்கோ மாசானம் என்றால் உயிராகிவிட்டான். சங்கரன்கோவிலில் ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் ‘மாசானம் துணை’ என்றே எழுதியிருந்தது. காணாமல்போன சக்கரவர்த்தி அவன்தான் என்று ஒரு கூட்டம் சத்தியம் செய்தது. ஒரு தடவை வடிவு அசந்துபோய், காலையில் வடகோட்டையில் இருந்தவனைச் சாயங்காலமே தென்துறைமுகத்தில் தண்ணீர் காட்ட வைத்துவிட்டாள். நடுவே நானூறு காதம். வாசகர் கேள்வி–பதில் பகுதிக்கு முப்பது கடிதம் வந்தது, இது எப்படி என்று. அந்தக் கட்டு திரிகூடத்துக்குப் போயிற்று. வடிவு மூன்று நாள் தூங்கவில்லை. பதில் ஒரே வரியில் வந்தது: ‘அவனிடம் நல்ல குதிரை இருக்கிறது.’ தன் கதையில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் மனுஷன் எப்படிச் சமாளிக்கிறார் பார் என்று வடிவு அன்றைக்கு நிம்மதியாகச் சிரித்தாள்.

வியாழக்கிழமை அறிக்கை. திரிகூடம் நேரில் வர வேண்டும் என்பது விதி. வெள்ளை ஜிப்பாவும் விபூதியுமாக வந்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்தார். பெனிட்டா திரையைத் திருப்பி வைத்தாள். கருப்பு வெளியில் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று புள்ளிகள்; பேசிக்கொண்டவர்களுக்கு நடுவே நூல். திருவிழா முடிந்த தெப்பக்குளம் மாதிரி மினுங்கியது. ஆவுடையப்பன், அழகா இருக்கே, இதையே அட்டையில் போடலாமா என்று விசாரித்தார். வடிவு கையில் புரூஃபை வைத்துக்கொண்டு வாசல் நிலையில் நின்றாள். யாரும் அவளை வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

பெனிட்டா நடுவில் இருந்த ஒரு புள்ளியைத் தொட்டாள். அதிலிருந்து ஐந்நூற்று முப்பது நூல்கள் விரிந்தன. அடுத்தபடியாக அதிகம் பேரோடு பேசிய மகாமந்திரிக்கே இருநூற்றுப் பதினொன்றுதான்.

“மாசானம்,” என்றாள். “அறுநூத்திப் பதினாலு வாரம் வாராரு. அவரு வாற வரிகள் மட்டும் சார் கை இல்ல. ரெண்டாம் கை. அந்தக் கை மனுஷக் கையும் இல்லன்னு பெட்டி சொல்லுது. இயந்திரமா இருக்க வாய்ப்பு எம்பத்தொம்பது விழுக்காடு.”

ஏன் இயந்திரம் என்கிறது என்று ஆவுடையப்பன் வாய் குழறிக் கேட்டார். அலங்காரம் ஒன்றும் இல்லை, அளவு மாறவில்லை, கேள்வி மாறவில்லை, ஒற்றுப்பிழைகூட இல்லை. மனிதன் இவ்வளவு ஒழுங்காக இருக்க மாட்டான் என்று பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது என்றாள் பெனிட்டா. சொல்லும்போது அவள் முகம் கிழவரைப் பார்க்கவில்லை. பட்டியலில் ஏற்றப்போகிற ஆளைப் பார்த்துச் சொல்வது அவளுக்கும் புதிது போலிருந்தது.

திரிகூடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மாசானம் என் ஆளு. நான்தான் எழுதுனேன்,” என்றார்.

இதை வடிவு எதிர்பார்க்கவில்லை. அவன் யாரென்றே அவருக்குத் தெரியாது, எவன் இதைச் சேர்த்தான் என்று குதிப்பார் என்றுதான் நினைத்திருந்தாள்.

அப்படிச் சொன்னால் அதற்கும் விதி இருந்தது. பெட்டிக்கு முன்னால் மாசானத்தை ஏழு வரி எழுதிக் காட்ட வேண்டும். திரிகூடம் பேனாவைத் திறந்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு கிடுகிடுவென்று எழுதிக் கொடுத்தார். பெனிட்டா வாசித்தாள்: “அஞ்சன குலத் திலகமே, அடியேன் ஓம்பும் பரிகள் அருநீர் பருகின. தங்கள் திருவயிறு அமுது கொண்டதோ?”

பெட்டியைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். இருந்தாலும் பெட்டி தன் கடமையைச் செய்தது. முதல் கை, தொண்ணூற்றொன்பது விழுக்காடு. பெனிட்டா படிவத்தை எடுத்து, கலப்படம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் பேனாவை வைத்தாள்.

வடிவு அந்த ஒரு நொடியில் என்னவெல்லாமோ கணக்குப் போட்டாள். வாயைத் திறந்தால் வேலை போகும். முப்பது வருடமாக எழுத்தாளர் பிழைகளைத் திருத்துகிறேன் என்று உட்கார்ந்துகொண்டு அவர் கதைக்குள்ளேயே ஆளை விட்டவள் என்று ஊர் சிரிக்கும். மாசானமும் போய்விடுவான். திறக்காவிட்டால் இந்தக் கிழவரின் படம் வாரியத்தின் வாசலில் தொங்கும். அவர் வேறு, அவன் என் ஆள் என்று சொல்லிவிட்டு, எழுதத் தெரியாமல் எழுதிக் காட்டிவிட்டு, பள்ளிக்கூடத்தில் கணக்குத் தப்பிய பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவள் உள்ளே வந்தாள். கையிலிருந்த புரூஃபைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் நின்றபடியே எழுதினாள். மாசானம் வாளியைக் கீழே வைத்தான். குதிரைக்குத் தண்ணி காட்டியாச்சு. எண்ணி ஏழு வரி. தாளைப் பெட்டியின் கண்ணுக்கு முன்னால் அவளே நீட்டினாள்.

இரண்டாம் கையோடு பொருத்தம் தொண்ணூற்றெட்டு என்றது பெட்டி. இயந்திரமாக இருக்க வாய்ப்பு எண்பத்தொன்பது.

பெனிட்டா பெட்டியைப் பார்த்தாள். வடிவின் மை ஒட்டிய ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். மறுபடி பெட்டியைப் பார்த்தாள்.

“நான் இயந்திரம் இல்ல பிள்ள,” என்றாள் வடிவு. “வரி குறைஞ்சா நிரப்புவேன். அவ்வளவுதான்.” மேசைக்குப் போய் நோட்டை எடுத்து வந்து எல்லார் முன்னாலும் வைத்தாள்.

அதற்குப் பிறகு ஆவுடையப்பன் ரொம்ப நேரம் பேசினார். இருபத்தொன்பது வருடமாகத் தன் மூக்குக்குக் கீழேயே இது நடந்திருக்கிறது என்பதில் அவருக்கு ஆத்திரம். வாராவாரம் இறுதிப் புரூஃபில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டவர் அவரே என்பதால் அந்த ஆத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெனிட்டாவின் கண்ணெதிரே எழுதிக் காட்டியதால் கலப்படப் புகார் நீங்கியது. ஆனால் இரண்டு கை என்றான பிறகு ஒருகைச் சான்று கிடைக்காது. அதற்கு ஒரே வழி, இரண்டாம் கை எழுதிய வரிகளை எல்லாம் எடுத்துவிடுவது. அறுநூற்றுப் பதினாலு இடம், அரை நாள் வேலை. எடுத்துவிடலாமே என்றார் ஆவுடையப்பன். எடுத்துவிடுங்கள் என்று வடிவும் சொன்னாள். அவன் இல்லாவிட்டால் கதைக்கு ஒன்றும் குறையாது, குறையக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன் என்றாள். அவள் குரல் பிசகவில்லை. புரூஃப் படிக்கிறவர்களுக்கு வரிகளை அடித்துவிடுவது பழக்கம்.

பெனிட்டா விதிப்படி, எடுத்தால் எப்படி இருக்கும் என்று திரையில் காட்டினாள். நடுப்புள்ளி அணைந்தது. ஐந்நூற்று முப்பது நூல்களும் அறுந்தன. மற்ற புள்ளிகள் மெதுவாக விலகி விலகிப் போய் ஐந்து கூட்டமாக ஒதுங்கி நின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு நூல்கூட இல்லை.

“எத்தனை துண்டு?” என்று கேட்டார் திரிகூடம்.

“அஞ்சு சார்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வடிவு எழுதிய தாளை எடுத்து நாலாக மடித்து ஜிப்பாப் பையில் வைத்தார். மூன்றரைக்குத் தென்காசி வண்டி இருக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டவும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை பெனிட்டா கிளம்பினாள். முடிவு ஆசிரியரும் எழுத்தாளரும் சேர்ந்து எடுக்க வேண்டியது. அவள் அறிக்கை முடிந்துவிட்டது. ஆனால் பையைத் தோளில் மாட்டிய பிறகும் போகாமல் வடிவின் மேசை ஓரத்தில் நின்றாள். கையில் அந்த நோட்டு.

“அக்கா, ஒரு கணக்கை மட்டும் அறிக்கையில நான் எழுதல. வாரியம் கேக்கல, அதனால எழுதல. உங்க நோட்டுல முதல் தொண்ணூத்தஞ்சு வாரத்துல நாப்பத்தோரு தடவை குறைஞ்சிருக்கு. நாலு, பன்னெண்டு, மூணுன்னு கண்டபடி. தொண்ணூத்தாறாம் வாரத்துல இருந்து ஐநூத்தி எழுபத்து மூணு தடவை. எல்லாமே ஏழு வரி. ஏழுதான்.”

அது தனக்குத் தெரியும் என்றாள் வடிவு. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அவர் எழுதுவது பதினொரு தாள். அவருடைய பதினொரு தாள் அச்சில் ஏழு வரி குறையும். அப்போதே கணக்குப் பார்த்து ஒத்துப் போனதால்தான் விட்டுவிட்டாள்.

“குறையாத வாரமும் பதினோரு தாள்தானேக்கா?”

வடிவு நோட்டை வாங்கிப் புரட்டினாள். தொண்ணூற்றாறாம் வாரம் தொட்டு இருபத்தேழு வருடம் கமாவைத் தேடியவளுக்கு இது கண்ணில் படவே இல்லை.

“இன்னொண்ணு,” என்றாள் பெனிட்டா. “ஏழு வரி குறையற வாரம் எல்லாத்துலயும் முந்தின வரியில யாராவது செத்திருக்காங்க. இல்லன்னா யாருக்காவது எல்லாம் போயிருக்கு. மனுஷன் எண்ணி விடாம இப்பிடி வராதுக்கா. பெட்டி தப்பாத்தான் சொல்லிச்சு. ஆனா அது ஒழுங்குன்னு எதைப் பாத்துச்சோ, அது உங்க ஒழுங்கு மட்டும் இல்ல.”

அவள் போன பிறகு வடிவு தொண்ணூற்றாறாம் வார இதழை எடுத்துப் பார்த்தாள். பார்க்காமலே நினைவிருந்தது. திரிகூடத்தின் மனைவி இறந்த வாரம் அது. அலுவலகத்திலிருந்து எல்லாரும் கார் பிடித்து இலஞ்சிக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தார்கள். இந்த வாரம் கதை வராது, பழைய துணுக்குகளைப் போட்டு ஒப்பேற்றலாம் என்று இருந்தபோது, திங்கட்கிழமை கண்டக்டர் கையில் பதினொரு தாள் வந்தது. மலைநாட்டு அரசியின் சாவு. அரசன் ஒருவன் மட்டும் அரண்மனைப் படியில் உட்கார்ந்திருப்பதோடு நின்றிருந்தது. ஏழு வரி குறைந்தது. மாசானம் வாளியோடு வந்து படியில் ஓரமாக நின்றான். நீங்க சாப்பிட்டாச்சா என்று கேட்டான். அரசன் பதில் சொல்லவில்லை. மாசானம் போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டான். அன்றைக்கு மட்டும்தான் அவன் உட்கார்ந்தது.

அச்சில் வந்ததைப் படிக்கிற வழக்கமே இல்லாத மனுஷர்.

திங்கட்கிழமை பஸ் அரை மணி தாமதமாக வந்தது. ஆவுடையப்பன் வாசலுக்கும் அறைக்குமாக நடந்து தேய்ந்துபோனார். உறைக்குள் பதினொரு தாள், கூடவே அவர் பெயருக்கு ஒரு துண்டுக் காகிதம். ‘சான்று வேண்டாம். ஒரு வரியையும் எடுக்க வேண்டாம். – தி.’ ஆவுடையப்பன் அதை நாலு தடவை படித்துவிட்டு, நூலகங்களுக்கு என்ன பதில் சொல்வது என்று நெற்றியைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். போகிற வழியில் வடிவின் மேசைக்கு முன்னால் நின்று, இருந்தாலும் நீ என்னிடம் சொல்லியிருக்கலாம் வடிவு என்றார். சொன்னால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டாள். யோசித்துப் பார்த்துவிட்டு, பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று ஒத்துக்கொண்டார்.

வடிவு கடைசி வாரத்தைப் படித்தாள். போர் முடிந்துவிட்டது. மூன்று வாரிசுகளும் அரியணை மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். ஆனால் யாரும் ஏறி உட்காரவில்லை. மூன்று பேரும் களைத்துப்போய்த் தரையில் தூணில் சாய்ந்து கிடக்கிறார்கள். வாசலில் குளம்புச் சத்தம். ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு திரிகூடம் தன் கையால் முதல் தடவையாக அவனை எழுதியிருந்தார். மாசானம் வருகிறான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் மூவரில் இளையவள், இருபத்தொன்பது வருடமாக யாரையும் எதையும் கேட்டுப் பழகாத இளவரசி, நிமிர்ந்து பார்க்கிறாள்.

‘எல்லாரையும் கேட்டாய், மாசானம். நீ சாப்பிட்டாயா?’

மாசானம் வாளியைக் கீழே வைத்தான்.

தாள் அதோடு முடிந்திருந்தது. கடைசி வரி வடிவின் சொந்த வரி. வியாழக்கிழமை அவள் புரூஃப் முதுகில் எழுதியது. அவர் அதை அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல், தன் கையால் எடுத்து எழுதியிருந்தார். கீழே ‘முற்றும்’ போடவில்லை.

பக்கம் கட்டிப் பார்த்தாள். ஏழு வரி குறைந்தது.

பேனாவை எடுத்தாள். ஐந்நூற்று எழுபத்து மூன்று தடவை கை தன்னால் எழுதிய ஏழு வரிதான். கேட்கத்தான் அவனுக்குத் தெரியும். அதை அவள்தான் எழுதினாள். பதில் சொல்ல அவன் இதுவரை வாய் திறந்ததே இல்லை. அவனுக்கு எத்தனை வயது, குதிரை எங்கிருந்து கிடைத்தது, யாருக்கும் தெரியாமல் எங்கே போய்ப் படுத்துக்கொள்கிறான், என்றைக்கு என்ன தின்றான். எல்லாம் அவளுக்குத் தெரியும். எந்த வாரமும் இடம் இருந்ததில்லை. ஒரு வரி எழுதினாள். அடித்தாள். இன்னொன்று எழுதினாள். கடிகாரம் இரண்டே முக்கால் காட்டியது. மேசைக்கு அடியில் டிபன் பாக்ஸ் காலையில் வைத்தபடி இருந்தது.

எழுந்துபோய் ஆசிரியர் அறைக் கதவைத் தள்ளினாள். எத்தனை வரி குறைகிறது, நிரப்பியாயிற்றா என்று நிமிராமலே கேட்டார் ஆவுடையப்பன்.

“ஏழு வரி பத்தாது சார்,” என்றாள் வடிவு. “பெருங்காய விளம்பரத்தைத் தூக்கிருங்க. எதுத்த பக்கமும் முழுசா எனக்கு வேணும். முதல்ல போய்ச் சாப்பிட்டுட்டு வந்து எழுதுதேன்.”